ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10: கனமானது எப்படி முன்னால் வந்தது?

பட்டறைக்காரர், கோவை

வணக்கம்ங்க. கோவையில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். பால் குளிரூட்டும் டேங்க், ஹோட்டல் சமையல்கட்டு மேசை, பைப் லைன் என்று எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை. ஐ.டி.ஐ. படித்தவன். வேதியியலில் எனக்குப் பழக்கம் என்றால் ஆர்கான் சிலிண்டர் ஒன்றுதான்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. தனிம வரிசை அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். 18ஆம் கட்டம் ஆர்கான், அணு நிறை 39.95. அடுத்து 19ஆம் கட்டம் பொட்டாசியம், 39.10. அதுவரைக்கும் கட்டம் ஏற ஏற நிறையும் ஏறிக்கொண்டே வருகிறது, இங்கே மட்டும் இறங்குகிறது. டியூஷனில் கேட்டிருக்கிறாள். "அது விதிவிலக்கு, அப்படியே படிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார்களாம். அவளுக்கு அது போதவில்லை. கேட்ட எனக்கும் போதவில்லை.

ஆர்கானோடு தினமும் புழங்குகிறவன் நான். டிக் வெல்டிங் போடும்போது டார்ச் நுனியில் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் ஓடும். கேஸ் தீர்ந்தது தெரியாமல் ஒரு அங்குலம் ஓட்டினால் போதும், பளபளவென்று வரவேண்டிய ஜாயின்ட் கருகி, ஓட்டை ஓட்டையாக நிற்கும். டங்ஸ்டன் ஊசியும் நாசம். காற்றைவிடக் கனமான கேஸ் என்பதும் தெரியும். டேங்குக்குள் இறங்கி வெல்டு அடிக்கிற பையனுக்கு ப்ளோயர் வைக்காமல் நான் வேலை கொடுப்பதில்லை. ஆர்கான் அடியில் தங்கி மூச்சை அடைத்துவிடும், வாசமும் இருக்காது.

கேட்க வந்தது இரண்டு. இந்த வரிசை எதைப் பார்த்துப் போட்டது? நிறையைப் பார்த்து இல்லை என்றால் எதைப் பார்த்து? அப்புறம், பொட்டாசியத்தைவிட ஒரு புரோட்டானைக் கம்மியாக வைத்துக்கொண்டு ஆர்கான் எப்படி அதைவிடக் கனமாக இருக்கிறது? தயவுசெய்து விதிவிலக்கு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

நீட்_இரண்டாம்_முறை

அண்ணா, பரீட்சைக்கு இது போதும்: "நவீன ஆவர்த்தன விதிப்படி தனிமங்களின் பண்புகள் அவற்றின் அணு எண்களைச் சார்ந்து ஆவர்த்தனமாக அமைகின்றன. எனவே மெண்டெலீவ் அட்டவணையில் இருந்த நிறை முரண்பாடு நீங்கியது." முழு மார்க் கிடைக்கும். கூடவே கோபால்ட் நிக்கல், டெலூரியம் அயோடின் ஜோடிகளையும் எழுதச் சொல்லுங்க. ஒரு மார்க் கேள்வியில் வரும்.

டீச்சரம்மா

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கட்டத்தில் நிற்கிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்று தேறினால் அதிகம்.

மேலே தம்பி எழுதியது மார்க்குக்குச் சரி. ஆனால் "முரண்பாடு நீங்கியது" என்றால் என்ன நீங்கியது? 39.95 அப்படியேதான் இருக்கிறது, 39.10 அப்படியேதான் இருக்கிறது. வரிசைப்படுத்தும் அளவுகோலை மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். ஆர்கான் ஏன் கனம் என்பதை அந்த விதி தொடவே இல்லை. பட்டறைத் தம்பி இரண்டையும் பிரித்துக் கேட்டது ரொம்பச் சரி. பாடப்புத்தகம் இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பிவிடும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

1869இல் மெண்டெலீவ் அட்டவணை போட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63. புரோட்டான் என்ற பேச்சே கிடையாது. எலக்ட்ரானே 1897இல்தான் வருகிறது. அவர் கையில் இருந்தவை அணு நிறையும், ஒரு தனிமம் எதோடு எந்த விகிதத்தில் சேரும் என்ற வேதிப்பண்பும்தான். நிறைப்படி அடுக்கினால் பண்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண்டார். அதனால் அவரை நாம் நிறைக்காரர் என்று முத்திரை குத்திவிட்டோம். நிறையும் பண்பும் மோதிய இடத்தில் அவர் நின்றது பண்பின் பக்கம். டெலூரியம் 128, அயோடின் 127 என்று அன்றைய அளவு. நிறைப்படி போட்டால் அயோடின் முந்திக்கொண்டு, கந்தகம், செலினியத்துக்குக் கீழே போய் உட்காரும். குளோரின், புரோமினோடு சேரவேண்டிய தனிமம் அது, சோதனைச்சாலையில் அயோடினைப் புழங்கிய யாருக்கும் அதில் சந்தேகம் வராது. மெண்டெலீவ் டெலூரியத்தை முன்னால் போட்டார். நிறையை அளந்தவர்கள்தான் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். பிராகில் இருந்த அவருடைய நண்பர் பிரானர் அதற்காகவே டெலூரியத்தைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். நிறை குறையவே இல்லை.

இப்படிப் பண்பை நம்பிச் சொன்னதில் அவருக்கு வெற்றியும் உண்டு. 1875இல் பிரான்ஸில் காலியத்தைக் கண்டுபிடித்த புவாபோத்ரான் அதன் அடர்த்தி 4.7 என்று வெளியிட்டார். மெண்டெலீவ் அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 5.9க்குப் பக்கத்தில் வரவேண்டும், மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதிவிட்டார். சுத்தப்படுத்தி அளந்தால் 5.9 வந்தது. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்வோம். டெலூரியத்தில் அவர் சொன்னது பலிக்காத கதையைச் சொல்லமாட்டோம். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்று பிடிபடும் என்பது என் கட்சி.

ஆர்கானுக்கு வருவோம். அந்த அட்டவணையில் அதற்குக் கட்டமே கிடையாது. ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியைத் துல்லியமாக அளக்க உட்கார்ந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிவிட்டு, மிஞ்சிய நைட்ரஜனை ஒரு கண்ணாடிக் குடுவையில் நிரப்பி நிறுத்தால் 2.310 கிராம். சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனை அதே குடுவையில் நிரப்பினால் 2.299 கிராம். வித்தியாசம் 11 மில்லிகிராம். என் மாணவர்களாக இருந்தால் ரீடிங்கைத் திருத்தி எழுதி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ராலே விடவில்லை. வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொண்டார். காற்று நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டினார். மக்னீசியம் நைட்ரஜனையெல்லாம் இழுத்துக்கொண்ட பிறகு, எதோடும் சேராத ஒரு வாயு மிச்சமாக நின்றது. 1894இல் அறிவித்தார்கள். காற்றில் நூற்றுக்கு 0.93 பங்கு. கார்பன் டை ஆக்சைடைவிட இருபது மடங்குக்கு மேல் அதிகம், அத்தனை காலமும் யார் கண்ணிலும் படவில்லை. படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1785இல் கேவென்டிஷ் காற்றில் மின்பொறி விட்டு விட்டு நைட்ரஜனைத் தீர்த்துப் பார்த்தபோது, 120இல் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு குமிழி கடைசி வரை கரையாமல் நின்றது என்று எழுதிவைத்திருந்தார். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

புது வாயுவின் நிறை 40 என்று வந்ததும் தகராறு. பொட்டாசியம் 39, கால்சியம் 40. அந்த இடத்தில் நுழைய வழியே இல்லை. இது தனிமமாக இருக்காது, மூன்று நைட்ரஜன் அணு சேர்ந்த மூலக்கூறாக இருக்கும் என்று மெண்டெலீவே சொன்னார். ராம்சே அந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தை வைத்து, இது ஒற்றை அணு வாயு என்று காட்டினார். பின்னாலேயே பூமியில் ஹீலியம் சிக்கியது, நியான், கிரிப்டான், செனான் வந்தன. ஒரு முழுத் தொகுதி தானாக எழுந்து நின்றுவிட்டது. அதன் பிறகு ஆர்கானைப் பொட்டாசியத்துக்கு முன்னால் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் போய் நியானுக்குக் கீழே, ஆர்கான் போய் சோடியத்துக்குக் கீழே! பட்டாணியில் பாதி அளவு பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடி, இளம் ஊதாச் சுடரோடு எரியும். மண்ணெண்ணெய்க்குள் போட்டுத்தான் வைத்திருப்போம். உங்கள் ஆர்கானோ ஸ்டீலை உருக்குகிற ஆர்க்கின் சூட்டிலும் எதையும் தொடாது. அதனால்தானே காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். ஜாம்ஷெட்ஜி டாடா நினைத்திருந்த ஆராய்ச்சி நிறுவனத்தை எங்கே வைக்கலாம் என்று சுற்றிப் பார்த்து, பெங்களூரைச் சொன்னவர் இந்த ராம்சேதான். அவரோடு சேர்ந்து நியான், கிரிப்டான், செனானைப் பிரித்தெடுத்த மோரிஸ் டிராவர்ஸ் அந்த இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர். பெங்களூர் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

சரி, ஆர்கானுக்கு இடம் கிடைத்தது. ஏன் அந்த இடம் என்பதற்கு அளவு கொடுத்தவர் மோஸ்லி. 1913இல் மான்செஸ்டரில் தொடங்கினார். தனிமத்தின் மேல் எலக்ட்ரான்களை மோதவிட்டால் அதற்கே உரிய எக்ஸ் கதிர் வரும். அதன் அதிர்வெண்ணை அளந்து வர்க்கமூலம் எடுத்தார். தனிமத்துக்குத் தனிமம் ஒரே அளவு படியாக ஏறியது. கோபால்ட்டின் நிறை 58.93, நிக்கலுடையது 58.69. எக்ஸ் கதிர் அதைச் சட்டைசெய்யவே இல்லை, கோபால்ட் 27, நிக்கல் 28 என்று போட்டது. அடுத்த வருஷம் குளோரினையும் பொட்டாசியத்தையும் அளந்தார். 17, 19 என்று வந்தது. நடுவில் ஒரு படி காலி, அது ஆர்கானுக்கு. 43, 61, 75 ஆகிய இடங்களும் காலி என்று அவர் அளவிலிருந்தே தெரிந்தது, பிறகு அந்தத் தனிமங்களும் வந்து சேர்ந்தன. ஆக அணு எண் என்பது நாமாக ஒட்டிய டோக்கன் நம்பர் இல்லை. கருவுக்குள் இருக்கும் மின்னூட்டம், அளந்து பார்க்கக்கூடியது. புரோட்டான் 18 என்றால் வெளியே எலக்ட்ரான் 18, கடைசிக் கூட்டில் எட்டு, யாரோடும் சேரத் தேவையில்லை. 19 என்றால் ஒன்று கூடுதல், அதை யாரிடமாவது தள்ளிவிடும் வரை பொட்டாசியத்துக்கு ஓய்வில்லை. நியூட்ரான் எத்தனை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மோஸ்லி 1915 ஆகஸ்ட் 10 அன்று கல்லிப்போலி போர்முனையில் கொல்லப்பட்டார். வயது 27.

இரண்டாவது கேள்விக்கு ராத்திரி வருகிறேன், பேரனின் ஸ்கூல் வேன் வரும் நேரம்.

பட்டறைக்காரர், கோவை

டீச்சர், அப்படியே மகளுக்குப் படித்துக் காட்டினேன். 11 மில்லிகிராமை விடாமல் பிடித்தார் பாருங்கள், அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். எங்கள் வேலையில் ஒரு நூல் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஃபிளேஞ்சு உட்காராது, அதனால் எனக்கும் ராலேயைப் பிடித்துப்போனது.

நீங்கள் வருவதற்குள் அவள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். நியானுக்கு 10 புரோட்டான், பெரும்பாலும் 10 நியூட்ரான். கந்தகம் 16, 16. கால்சியம் 20, 20. இந்த வரிசைப்படி ஆர்கான் 18, 18 என்று 36ஆக அல்லவா இருக்கவேண்டும்? அப்படி இருந்திருந்தால் குளோரின் 35.45, ஆர்கான் 36, பொட்டாசியம் 39 என்று ஒழுங்காக ஏறியிருக்கும். கேள்வியே வந்திருக்காது. எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல் நாலு நியூட்ரான்?

நான் என் பங்குக்குச் சொன்னேன்: நாங்கள் வாங்குவது 7 கன மீட்டர் சிலிண்டர், காலிக்கும் நிரம்பியதற்கும் 11, 12 கிலோ வித்தியாசம் இருக்கும். அது 36ஆக இருந்தால் பையன்கள் ஒரு கிலோ குறைவாகத் தூக்கியிருப்பார்கள்.

டீச்சரம்மா

மகள் சொன்ன 36 வெறும் ஊகம் இல்லை. அந்த ஆர்கான் நிஜமாகவே இருக்கிறது. காற்றில் உள்ள ஆர்கானில் மூன்று ஐசோடோப்பு உண்டு, அதாவது புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் இருக்கும் வகைகள். நிறை எண் 36 கொண்டது 0.33 சதவீதம், 38 கொண்டது 0.06 சதவீதம், மிச்சம் 99.6 சதவீதம் 40. அதனால்தான் சராசரி 39.95. பொட்டாசியத்தில் 39 கொண்டது 93.26 சதவீதம், 41 கொண்டது 6.73 சதவீதம், 40 கொண்டது வெறும் 0.0117 சதவீதம். சராசரி 39.10. அவளையே பெருக்கிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முழு எண்களை வைத்துப் போட்டால் பொட்டாசியத்துக்கு 39.13 அல்லது 39.14 என்று கொஞ்சம் கூடுதலாக வரும், பயப்படவேண்டாம். அணுக்களின் நிஜ நிறை முழு எண்ணைவிட இம்மி குறைவு.

ஆக, ஆர்கான் கனமாக இருப்பதற்குக் காரணம் அதில் 40 ஏறக்குறைய முழுவதையும் பிடித்துக்கொண்டிருப்பது. பாடம் இங்கே முடிந்துவிடும். ஆனால் உங்கள் மகள் கேட்பது, ஏன் 40 இப்படி மொத்தமாக ஆக்கிரமித்தது என்று. அந்தப் பதில் சோதனைச்சாலையில் இல்லை, பாறைக்குள் இருக்கிறது. இங்கே கல் ஆராய்கிற தம்பி ஒருவர் வருவாரே, அவர் சொல்லட்டும்.

கல்லும்_காலமும்

வந்துவிட்டேன் டீச்சர். புவியியல் படித்தவன், பாறைகளுக்கு வயது பார்ப்பதுதான் பிழைப்பு.

அண்ணா, உங்கள் சிலிண்டரில் இருக்கும் ஆர்கான் ஒரு காலத்தில் பொட்டாசியமாக இருந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நேரடியாகவே அப்படித்தான்.

டீச்சர் சொன்ன அந்த 0.0117 சதவீதம் இருக்கிறதே, பொட்டாசியம் 40, அது நிலையற்றது. அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. அதாவது எவ்வளவு இருந்தாலும் அதில் பாதி சிதைய 125 கோடி ஆண்டு ஆகும். சிதைவதில் நூற்றுக்கு 89 கால்சியம் 40ஆக மாறுகிறது. மீதி 11இல், பொட்டாசியத்தின் கரு தன் சொந்த எலக்ட்ரான் ஒன்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு புரோட்டான் நியூட்ரானாகிவிடுகிறது. புரோட்டான் 19 போய் 18. நியூட்ரான் 21 போய் 22. மொத்தம் 40 அப்படியே. இப்போது அது ஆர்கான் 40. உங்கள் மகள் தேடிய கூடுதல் நியூட்ரான் வந்த வழி இதுதான்.

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. தொடக்கத்தில் பொட்டாசியம் 40 இப்போது இருப்பதைப்போல பன்னிரண்டு மடங்குக்குக் கிட்ட இருந்தது. கிரானைட்டில் இளஞ்சிவப்பாகத் தெரிகிற ஃபெல்ட்ஸ்பார், பளபளக்கிற அபிரகம், களிமண் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. அதற்குள் பிறக்கிற ஆர்கான் எதோடும் சேராததால் படிகத்துக்குள் சும்மா அடைபட்டுக் கிடக்கும். பாறை உருகும்போதும், எரிமலை கக்கும்போதும், கல் சிதைந்து மண்ணாகும்போதும் வெளியே வந்துவிடும். ஹீலியமாக இருந்தால் லேசு, விண்வெளிக்குத் தப்பிவிடும். ஆர்கானுக்கு அந்த வேகம் வராது. காற்றிலேயே தங்கிவிட்டது. இப்படிக் கோடி கோடி ஆண்டாகச் சேர்ந்ததுதான் அந்த 0.93 சதவீதம்.

அப்படியானால் 36? அதுதான் நட்சத்திரங்களில் உண்டான பழைய ஆர்கான். பூமி உருவானபோது இந்த மாதிரி வாயுக்கள் இங்கே மிகக் கொஞ்சமாகத்தான் நின்றன. சூரியனில் கதையே வேறு, அங்கே ஆர்கானில் பெரும்பங்கு 36, கொஞ்சம் 38. சராசரி 36.3 பக்கம் வரும். சூரியனில் உட்கார்ந்து யாராவது அட்டவணை போட்டால் உங்கள் மகள் கேட்டபடியே குளோரின், ஆர்கான், பொட்டாசியம் என்று நிறை ஒழுங்காக ஏறும். 39.95 என்பது இந்தப் பூமியின் கணக்கு.

சிலிண்டர் கணக்கு சொன்னீர்கள், அதையும் போட்டுவிடலாம். 12 கிலோ ஆர்கானில் 36உம் 38உம் சேர்ந்து 50 கிராம்கூடத் தேறாது. மற்றதெல்லாம் பாறைக்குள் இருந்த பொட்டாசியம்.

எங்கள் தொழிலே இதை வைத்துத்தான். எரிமலைக் குழம்பு உருகிக் கிடக்கும்போது ஆர்கான் வெளியேறிவிடும். இறுகிய நாளிலிருந்து புதிதாகச் சேர ஆரம்பிக்கும். கல்லில் எவ்வளவு பொட்டாசியம், எவ்வளவு ஆர்கான் 40 என்று பார்த்தால் அது இறுகி எத்தனை காலம் என்று சொல்லிவிடலாம். 1948இல் ஆல்ட்ரிச்சும் நியரும் பழைய பொட்டாசியக் கனிமங்களில் ஆர்கான் 40 சேர்ந்திருப்பதை அளந்து காட்டிய பிறகு இந்த முறை வளர்ந்தது. மும்பைக்குக் கிழக்கே மலை மலையாக நிற்கும் தக்காணப் பாறைகளுக்குச் சுமார் 6.6 கோடி ஆண்டு என்று சொல்கிறோமே, அதில் இந்த ஆர்கான் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. தொல்லை என்னவென்றால், நாம் மூச்சுவிடும் காற்றிலேயே ஆர்கான் 40 இருக்கிறது. கருவிக்குள் துளி காற்று புகுந்தாலும் கல்லுக்கு வயது கூடிவிடும். அங்கே எங்களைக் காப்பாற்றுவது அந்த 36தான். கல்லுக்குள் 36 பிறக்காது. அளவில் 36 தென்பட்டால் அது காற்றிலிருந்து வந்தது, அதற்கு இத்தனை மடங்கு 40ஐக் கழித்துவிடு என்று கணக்குப் போட்டுவிடுவோம்.

வாழைத்தோட்டம், தேனி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வாழைக்கு மூட்டை மூட்டையாகப் பொட்டாஷ் போடுகிறேன். அப்படியானால் அதுவும் கதிரியக்கமா? வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம் என்கிறார்களே, தின்னலாமா கூடாதா?

கல்லும்_காலமும்

தாராளமாகத் தின்னலாம். பொட்டாசியம் இருக்கும் இடமெல்லாம் இந்த 0.0117 சதவீதமும் இருக்கும், அதிலிருந்து தப்ப முடியாது. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு 31 அணு சிதையும். 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் பாதி எடை பொட்டாசியம் என்று வைத்தால் நொடிக்கு ஏழு லட்சத்துக்கு மேல். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அணுக்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. துறைமுகங்களில் கதிரியக்கம் கண்டுபிடிக்கும் கருவி பொட்டாஷ் லோடு போகும்போது சில நேரம் கத்திவிடும், அவ்வளவு நுட்பமான கருவிகள்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் உண்டு. நொடிக்கு நாலாயிரத்துக்கு மேல் சிதைவு. அதில் நானூற்றுக்கு மேற்பட்டவை ஆர்கானாக மாறி மூச்சோடு வெளியே போய்விடும். பழம் கூடுதலாகத் தின்றாலும் உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும், கணக்கு ஏறாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழத்தைக் குறைக்கச் சொல்வது வேறு காரணத்துக்கு. பொட்டாசியம் ரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பைப் பாதிக்கும், கதிரியக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீட்_இரண்டாம்_முறை

அப்படின்னா கோபால்ட் நிக்கலும், டெலூரியம் அயோடினும் இதே கதைதானா? அங்கேயும் ஒன்று இன்னொன்றாக மாறுகிறதா? நான் இத்தனை நாளாக மூன்று ஜோடியையும் ஒரே பதிலாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

டீச்சரம்மா

இல்லை தம்பி, அதை அப்படியே நீட்டிவிடக் கூடாது. ஆர்கான் கதை ஆர்கானுக்கு மட்டும்.

அயோடினில் இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான், 127. சராசரி எடுக்கவே வேலை இல்லை, 126.90. டெலூரியத்தில் எட்டு வகை உண்டு. அதில் கனமான 128உம் 130உம் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பதால் சராசரி 127.60க்கு ஏறிவிடுகிறது. கோபால்ட்டும் அப்படித்தான், 59 ஒன்று மட்டும். நிக்கலில் ஐந்து வகை, அதில் லேசான 58 மட்டுமே 68 சதவீதம், 60 கொண்டது 26 சதவீதம். அதனால் நிக்கலின் சராசரி கோபால்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பொதுவாக அணு எண் ஒற்றைப்படையாக இருக்கும் தனிமங்களுக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றோ இரண்டோதான். இரட்டைப்படைக்கு நிறைய. அப்படி நிறைய இருக்கும்போது எந்தப் பக்கம் எடை சாய்கிறதோ அந்தப் பக்கம் சராசரி போகும். அது நட்சத்திரங்களில் எந்த வகை எவ்வளவு உண்டானது என்பதைப் பொறுத்தது.

பிரானர் டெலூரியத்தை எத்தனை முறை அளந்தாலும் நிறை குறையாததற்கு இதுதான் காரணம். டெலூரியத்தில் அழுக்கே இல்லை. ஐசோடோப்பு என்ற கருத்தை சாடி 1913இல்தான் முன்வைக்கிறார், நியூட்ரானை சாட்விக் 1932இல் கண்டுபிடிக்கிறார். மெண்டெலீவ் 1907இலேயே இறந்துவிட்டார்.

பட்டறைத் தம்பி, மகளிடம் அட்டவணையின் அடியில் இருக்கும் வரிசையையும் பார்க்கச் சொல்லுங்கள். 90 தோரியம் 232.04, 91 புரோட்டாக்டினியம் 231.04. அங்கேயும் இறங்கும், ஒரு மார்க் கேள்விக்காரர்கள் இந்த ஜோடியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அங்கே காரணம் மூன்றாவது வகை: நமக்குக் கிடைக்கும் புரோட்டாக்டினியம் யுரேனியம் 235 சிதையும் வழியில் இடையில் வந்து போவது. கல்லுக்காரத் தம்பிக்கு நேரம் இருந்தால் அதைத் தனி இழையாகப் போடட்டும், இங்கே சேர்த்தால் நீண்டுவிடும்.